திண்டிவனத்து வெயிலும் சீனத்து நிறமும்

மார்கழி பிறந்தால் விழுப்புரம் நேருஜி ரோட்டிலும் கிழக்கு பாண்டி ரோட்டிலும் பெயிண்ட் வாங்க வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். பொங்கலுக்குள் வீட்டுக்கு ஒரு கோட்டாவது அடித்துவிட வேண்டும். முன்பெல்லாம் கடைக்காரர் நீட்டும் ஷேட் கார்டைப் புரட்டி, பக்கத்து வீட்டு நிறத்தை மனசில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒன்றைக் கை காட்டுவார்கள். இப்போது வருகிறவர்களில் சிலர் போனைத் திறந்து ஒரு வட்டத்தைக் காட்டுகிறார்கள். எட்டுத் திசை, எட்டு நிறம், நடுவில் மஞ்சள். ஃபெங் சுய் வரைபடம்.

"அண்ணே, எங்க பெட்ரூமு தென்மேக்கு மூலையில இருக்கு. மஞ்சள் அடிக்கலாம்னு போட்டிருக்கு, பிங்க்கும் போட்டிருக்கு. எது அடிக்கலாம்?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்க்கா. அந்த மேக்கால சுவரு ஓதம் அடிக்குதான்னு மொதல்ல பாத்துட்டு வாங்க. ஓதத்து மேல எந்தக் கலரும் நிக்காது."

கடை வாசலில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சுதான் இது. ஆனால் ஃபெங் சுய் பற்றி விழுப்புரத்தில் யோசிக்க வேண்டியதெல்லாம் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. கேட்கிறவர் திசையைப் பார்க்கிறார். பதில் சொல்கிறவர் சுவரைப் பார்க்கிறார்.

திசைக்கு நிறம் எங்கிருந்து வந்தது? சீன மரபில் பூதங்கள் ஐந்து: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். கிழக்கு மரத்துக்கு, பச்சையும் நீலப்பச்சையும் அதன் நிறம். தெற்கு நெருப்பு, சிவப்பு. மேற்கு உலோகம், வெள்ளை. வடக்கு நீர், கருப்பு. நடு மண், மஞ்சள். மூலைத் திசைகள் இந்த ஐந்தையே பங்கிட்டுக்கொள்கின்றன: தென்கிழக்குக்கு மரம், வடமேற்குக்கு உலோகம், வடகிழக்கும் தென்மேற்கும் மண். முதலில் இந்தச் சாஸ்திரம் பெரிதும் பேசியது கல்லறைக்கு இடம் பார்ப்பதைப் பற்றி. 324-இல் இறந்த குவோ பூ என்பவர் பெயரில் வழங்கும் 'அடக்க நூல்' அதன் மூல நூல்களில் ஒன்று. உயிர்ச்சக்தி காற்றில் ஏறிப் போய்க் கலைந்துவிடும், நீரைக் கண்டால் நின்றுவிடும் என்பது அதன் அடிப்படை எண்ணம். எங்கே காற்று அடங்கும், எங்கே நீர் வளையும் என்று நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடம் குறிப்பார்கள்.

அரண்மனைக்கும் இதே கணக்குத்தான். பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரம் 1406 முதல் 1420 வரை கட்டப்பட்டது. பேரரசர் உலகின் நடுவில் இருக்கிறவர் என்பதால் அங்கே கூரை ஓடு பெரும்பாலும் மஞ்சள், மண்ணின் நிறம். இளவரசர்கள் வளர்ந்த மாளிகைக்குப் பச்சை ஓடு. மரம் வளர்வதுபோலப் பிள்ளைகள் வளரவேண்டும். 1776-இல் கட்டி முடித்த வென்யுவான் நூலகத்துக்கு மட்டும் கருப்பு ஓடு. கருப்பு நீரின் நிறம், நீர் நெருப்பை அணைக்கும். புத்தகம் எரியக்கூடாது என்ற கவலை கூரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெய்ஜிங்கிலேயே மண்ணுக்கும் தானியத்துக்கும் எழுப்பிய பலிமேடையில் ஐந்து நிற மண்ணையே திசைவாரியாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கிழக்கில் பச்சை கலந்தது, தெற்கில் சிவப்பு, மேற்கில் வெள்ளை, வடக்கில் கருப்பு, நடுவில் மஞ்சள்.

நடுவில் ஏன் மஞ்சள் என்பதற்குச் சீன நிலத்தைப் பார்த்தால் போதும். சீன நாகரிகம் வேர்விட்ட மஞ்சள் நதிப் படுகை பெரிதும் காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் மண். ஆற்றுத் தண்ணீரே அந்த நிறம்தான். தெற்கு ஏன் நெருப்பு? பெய்ஜிங் ஏறத்தாழ 40 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் நடுப்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும், ஒரு நாள்கூட உச்சிக்கு வராது. வடக்கு ஏன் இருண்டது? குளிர்காலத்தில் மங்கோலியா, சைபீரியா பக்கமிருந்து எலும்பைக் குடையும் காற்று அங்கிருந்துதான் வரும். ஆகவே வாசல் தெற்கே பார்க்கட்டும், வடக்கு முதுகாக இருக்கட்டும் என்றார்கள். இவ்வளவு நேர்த்தியாகத் தங்கள் நிலத்தைப் படித்து எழுதிய கணக்கு அது. மதிக்கத்தான் தோன்றுகிறது.

அந்தக் கணக்கை அப்படியே திண்டிவனம் ரோஷணையில் ஒரு வீட்டுச் சுவரில் ஒட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

விழுப்புரம் ஏறத்தாழ 12 பாகை வடக்கில் இருக்கிறது, திண்டிவனம் அதற்குச் சற்று மேலே. ஏப்ரல் மூன்றாம் வாரம் கழிந்ததும் நடுப்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் 20 வாக்கில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்பும். இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதமும் உச்சிவெயில் வடக்கிலிருந்து விழுகிறது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் கத்திரி வெயில் முழுக்க இந்தக் காலத்துக்குள் அடக்கம். சந்தேகம் இருப்பவர்கள் மே மாதத்து உச்சிவேளையில் மொட்டைமாடியில் ஒரு கம்பை நட்டுப் பார்க்கலாம். நிழல் குட்டையாக, தெற்குப் பக்கம் விழும். பெய்ஜிங்கில் எந்த நாளிலும் காண முடியாத நிழல் அது. அதாவது அக்கினி நட்சத்திரத்தில் விழுப்புரத்து வீட்டின் தெற்குச் சுவர் நிழலில் இருக்கிறது. நெருப்பு என்று சீனம் சொன்ன திசை, நெருப்பு பறக்கும் மாதத்தில் இங்கே ஓய்வெடுக்கிறது! தெற்குச் சுவரில் வெயில் நன்றாக விழுவது மார்கழி, தை மாதங்களில். அப்போது அந்த வெயில் யாருக்கும் கசப்பதில்லை.

இங்கே வீட்டை வாட்டுவது மேற்கு. பிற்பகல் மூன்று மணிக்குக் காற்றே கொதித்துக் கிடக்கும் நேரத்தில் சாய்வெயில் நேராக மேற்குச் சுவரில் விழும். செங்கல் அதை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு உள்ளே விடும். மேற்கு அறையில் படுப்பவர்கள் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் பாயைத் தூக்கி வருவது இதனால்தான். தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வெப்பத்தின் பெயரை மேற்குக் காற்றுக்குத்தான் கொடுத்தார்கள். தெற்குக்குக் கிடைத்தது இதம்.

இதில் ஒரு நல்ல பொருத்தமும் தற்செயலாக அமைகிறது. ஃபெங் சுய் மேற்குக்கு உலோகத்தைக் கொடுத்து வெள்ளை அடிக்கச் சொல்கிறது. நல்ல வெள்ளைப் பூச்சு, படும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அடர்ந்த நிறங்கள் பெரும்பகுதியைக் குடித்துச் சூடாக்கிக்கொள்ளும். ஆகவே விழுப்புரத்தில் மேற்கு வெளிச்சுவருக்கு வெள்ளை அடிக்கிறவர் சீனக் கணக்குக்கும் கட்டுப்பட்டவர், வெயிலுக்கும் பதில் சொன்னவர். ஆனால் வரைபடத்தை நம்பி உள்சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டு, வெளியே காபித்தூள் நிறத்தில் எலிவேஷன் எடுத்தால் பயன் பாதிக்குமேல் போய்விடும். வெயில் வெளிச்சுவரில்தானே விழுகிறது.

மொட்டைமாடியைப் பற்றி அந்த வரைபடம் பேசுவதே இல்லை. கத்திரியில் தலைக்கு மேல் நிற்கும் சூரியனிடம் அதிகம் வாங்கிக்கட்டிக்கொள்வது அந்தத் தளம்தான். கான்கிரீட்டைச் சும்மா விட்டுவைத்தால் மாடிவீட்டு மேல்தளம் அடுப்பாகிவிடும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது இந்தச் சூட்டைப் பார்த்துத்தான். விழுப்புரத்தில் கூலிங் பெயிண்ட் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள். அது முடியாதென்றால் நல்ல சுண்ணாம்பே போதும். வீட்டுக்கு ஒரே ஒரு நிறம்தான் வாங்கக் காசு இருக்கிறது என்றால், மாடிக்கு வெள்ளை வாங்கச் சொல்லலாம்.

சாஸ்திரத்தின் உள்ளேயே பிணக்குகள் இருக்கின்றன என்பதையும் போனில் வரும் வட்டம் சொல்லாது. திசைகாட்டி வைத்துப் பார்க்கும் பழைய முறை ஒன்று. 1980-களில் அமெரிக்காவிலிருந்து லின் யுன் பரப்பிய முறை இன்னொன்று. அது திசைகாட்டியை விட்டுவிட்டு வாசலிலிருந்து கட்டம் போடும். மேற்குப் பார்த்த வாசல் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே நுழைந்தால் இடக்கைப் பக்கம் கடைசி மூலை வடகிழக்கு. பழைய முறையில் அது மண், மஞ்சள் அடிக்க வேண்டும். வாசல் முறையில் அது செல்வ மூலை, ஊதா அடிக்க வேண்டும். நம்மூர் வாஸ்து அதை ஈசானியம் என்கிறது, நீருக்குரிய இடம் என்று வெளிறிய நிறம் கேட்கிறது. ஒரே மூலை, மூன்று நிறம். அடுப்படியிலும் இதே கதைதான். வாஸ்து தென்கிழக்கை அக்கினி மூலை என்று சமையலுக்குக் கொடுத்துச் சிவப்பின் குடும்பத்தைச் சேர்க்கிறது. ஃபெங் சுய் அங்கே மரத்தை வைத்துப் பச்சை கேட்கிறது. எந்த மூலையில் எந்த நிறம் அடித்துப் பணம் வந்தது என்பதற்கு நிறுவப்பட்ட சான்று எந்தப் பக்கமும் கிடையாது. மனநிறைவுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றையும் திருப்திப்படுத்த நினைத்து மூன்று தடவை பெயிண்டருக்குக் கூலி கொடுப்பவரைப் பார்க்கும்போதுதான் மனசு வருந்துகிறது.

பூதத்துக்கு நிறம் சொல்லும் கணக்குக்காகச் சீனம் வரை போக வேண்டியதில்லை என்பது இந்த மாவட்டத்துக்காரர்கள் பலர் மறந்த சேதி. விழுப்புரத்துக்குத் தென்மேற்கே திருவெண்ணெய்நல்லூர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர். அவருடைய மாணவர், திருவதிகையைச் சேர்ந்த மனவாசகம் கடந்தார், 'உண்மை விளக்கம்' என்று ஒரு சிறு நூல் எழுதினார். மாணவன் கேட்க ஆசிரியர் விடை சொல்வதாக அமைந்த நூல். ஐம்பூதங்களின் வடிவும் நிறமும் அதில் வரிசையாக வருகின்றன. மண்ணுக்குச் சதுரம், பொன்னிறம். நீருக்குப் பிறை, வெண்மை. தீக்கு முக்கோணம், சிவப்பு. காற்றுக்கு அறுகோணம், கருமை. வானுக்கு வட்டம், புகை நிறம்.

சீனப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மண்ணும் தீயும் ஒத்துப்போகின்றன. நீரில்தான் முட்டிக்கொள்கிறது: அங்கே கருப்பு, இங்கே வெள்ளை. மனவாசகம் கடந்தார் தத்துவம் புரிவதற்காக எழுதினார், சுவருக்கு அடிப்பதற்காக அல்ல. அதைப் பிடித்துக்கொண்டு "சைவ ஃபெங் சுய்" என்று யாராவது புதிதாக ஒரு வட்டம் வரைந்துவிடக் கூடாதே என்ற பயமும் இருக்கிறது. நிறத்தின் பொருள் ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். ஆழமான ஆற்றின் நீர் இருண்டு தெரியலாம். மரக்காணத்து உப்பளத்தில் கடல்நீர் கடைசியில் வெள்ளையாகத்தான் மிஞ்சுகிறது.

மண்ணும் அப்படித்தான். வானூர் பக்கம் திருவக்கரை, ஆரோவில் வட்டாரத்தில் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தைப் பார்த்தால் ரத்தச் சிவப்பு. இரும்பு ஏறிய செம்மண். ஐந்து நிற மண் மேடையை இங்கே கட்டியிருந்தால் நடுவில் மஞ்சளைக் கொட்டியிருப்பார்களா? ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டடக்கலைக் கூடத்தார் அந்தச் செம்மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து, அழுத்தி, சுடாமலே கல்லாக்கிக் கட்டுகிறார்கள். அந்தச் சுவருக்குப் பெயிண்டே கிடையாது. இரண்டு பர்லாங் தள்ளி நின்று பார்த்தால் வீடு தரையிலிருந்து முளைத்ததுபோல இருக்கும். அதே ஆரோவில்லின் நடுவிலுள்ள உருண்டை வடிவத் தியான மண்டபமான மாத்ரிமந்திரில், ஊரை நிறுவிய அன்னையின் எண்ணப்படி இன்னொரு நிறக் கணக்கு உண்டு. உருண்டையைச் சுற்றியுள்ள 12 இதழ்களுக்குள் 12 தியான அறைகள். நேர்மை, பணிவு, நன்றி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தின் பெயர், அதற்கு ஒரு நிறம். நடு அறை மட்டும் முழு வெள்ளை. அங்கே நிறம் திசைக்காக இல்லை, உள்ளே உட்காரும் மனிதருடைய மனசுக்காக.

இந்த வட்டாரத்துப் பழைய வீடுகள் எந்த வரைபடமும் பார்க்காமல் ஒரே குடும்பத்து நிறங்களில் இருந்ததற்கு வேறு காரணம் உண்டு. சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு, தொட்டியில் நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் உப்போ கஞ்சியோ சேர்த்து நாரால் செய்த மட்டையில் அடிப்பார்கள். அடித்த அன்று சுவர் மங்கலாகத்தான் இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்க வாங்க, நாளுக்கு நாள் வெளுத்து இறுகிக் கல்லாகும். நீற்றிய சுண்ணாம்பின் காரம் கடுமையானது, பூஞ்சணத்தை அண்டவிடாது. அதே காரம் பெரும்பாலான சாயங்களையும் தின்றுவிடும். தாக்குப்பிடிப்பவை காவி, மஞ்சள் மண் போன்ற மண்நிறங்களும், வெளுப்பை எடுத்துக்காட்டச் சேர்க்கும் துணிநீலமும்தான். கோயில் மதிலில் வெள்ளைப்பட்டை, காவிப்பட்டை, திண்ணைக்குக் காவி விளிம்பு, உள்ளே இளநீலம். நம் கண்ணுக்குப் பழகிய அழகின் பாதியைச் சுண்ணாம்பே முடிவு செய்திருக்கிறது.

அது எவ்வளவு நாள் நிற்கும் என்று பார்க்க விழுப்புரத்துக்கு வடமேற்கே பனமலைக்குப் போகலாம். ராஜசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின்மேல் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே சிறு சன்னதி ஒன்றின் சுவரில், சாந்தின்மேல் தீட்டிய ஓர் அம்மை குடைக்குக் கீழே ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். ஓவியத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் மகுடத்தின் கோடும் கன்னத்து வளைவும் சிவப்பும் மஞ்சளும் இன்னும் பேசுகின்றன. 1,300 ஆண்டுக் கோடையும் மழையும் கண்ட நிறம். இந்தப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஷேட் கார்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்று எழுதத் தோன்றுகிறது.

இன்றைய சிமெண்ட் சுவருக்கு மறுபடி சுண்ணாம்புதான் அடிக்கவேண்டும் என்று சொன்னால் நடக்காது. எமல்ஷன் அடித்த சுவர் துடைக்கச் சுலபம், நிறமும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஆனால் ஓதம் ஏறிய சுவரில் அது பொருமி, உரிந்து, கொப்புளம் போடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை வடக்கிலும் கிழக்கிலும் இருந்து அடித்து வருவது. அந்தச் சுவர்கள்தான் முதலில் நனைகின்றன, கடைசியில் காய்கின்றன. ஃபெங் சுய் சொல்கிறபடி வடக்குக்கு நீரின் கருநீலத்தை அடர்த்தியாக அடித்தால், உப்புப் பூத்து வெள்ளையாக வழியும் ஒவ்வொரு கோடும் தெரு முழுக்கத் தெரியும். அங்கே வெளிறிய நிறம் அடிப்பதும், பாசி வந்தால் சுரண்டி மறுபூச்சு போடத் தோதான பூச்சைத் தேர்ந்தெடுப்பதும் நல்லது.

சிவப்பு, மஞ்சள், பச்சை எனாமலில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும், குறிப்பாகப் பிள்ளைகள் அறையின் கதவு ஜன்னலுக்கு. இந்தப் பளிச்சென்ற நிறங்களுக்கு நெடுங்காலம் ஈயக் கலவைகளைத்தான் சேர்த்துவந்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2016-இல் அறிவித்து 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிப்படி, வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. டப்பாவின்மேல் அது அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். அதைவிட ஆபத்து, பழைய வீட்டு ஜன்னலின் பழைய பெயிண்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. தூசு வீடெங்கும் படியும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லி, அன்றைக்குப் பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். எந்த மூலைக்கு எந்த நிறம் என்ற கேள்விக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

உள்ளறை நிறத்தைப் பொறுத்தவரை விருப்பத்துக்கு நிறையவே இடம் இருக்கிறது. தென்மேற்குப் படுக்கையறைக்கு மஞ்சள் வேண்டுமென்றால் வெண்ணெய் நிறத்துக்கு இறக்கி அடிக்கலாம். சாய்வெயில் பட்டு அது தானாகவே பொன்னாகும். கிழக்கு அறைக்கு இளம்பச்சை காலை வெளிச்சத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சி. வெளிச்சம் குறைந்த நடுக்கூடத்தில் அடர்சிவப்பு அடிக்கக் கேட்டால் ஒரே ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது நல்லது. கடைவிளக்கின் கீழ் பார்த்த நிறம் வீட்டில் வேறாகத் தெரியும். சிறு டப்பா வாங்கி, அடிக்கப்போகும் சுவரிலேயே இரண்டு முழத்துக்கு அடித்துவிட்டு, காலை ஏழு மணிக்கும் பிற்பகல் நாலு மணிக்கும் டியூப்லைட்டிலும் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

பொங்கலுக்கு முன் முடிக்கவேண்டும் என்ற அவசரம்தான் இந்த ஊர்ப் பெயிண்டுக்கு முதல் எதிரி. வடகிழக்குப் பருவமழை குடித்த சுவர் மார்கழிப் பனியில் காய்வதில்லை. கைக்குக் காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்த்தால் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கோத்திருந்தால் பொங்கலுக்கு வாசலையும் திண்ணையையும் மட்டும் வெள்ளையடித்துவிட்டு, வடக்கு, கிழக்குச் சுவர்களை மாசி வெயிலுக்கு விட்டுவைக்கலாம். மாசியில் பெயிண்டர்களும் சுலபமாகக் கிடைப்பார்கள்.